டெல்லியிலிருந்து கடையம் வரை: ஒரு டிசம்பர் லீவுக் கணக்கு

டெல்லியில் படிக்கிற தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு டிசம்பர் லீவு காலண்டரில் தெரிகிற அளவுக்கு நீளம் கிடையாது. புது டெல்லியில் இரவு ஒன்பது மணி வாக்கில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் கிளம்பினால் மறுநாள் முழுக்க ஓடி, அதற்கடுத்த நாள் காலையில்தான் சென்னை சென்ட்ரல். சுமார் 2,180 கிலோமீட்டர். அன்று இரவு பொதிகை எக்ஸ்பிரஸைப் பிடித்தால் இன்னும் 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, விடிந்ததும் தென்காசி. திரும்புவதும் இதே கதைதான். கல்லூரி இரண்டு வாரம் லீவு விட்டால் கையில் ஒன்பது நாள் தேறினாலே பெரிது.

அந்த ஒன்பது நாளுக்கும் ஏகப்பட்ட பங்காளிகள். அப்பா அம்மா தென்காசியில். அம்மாவைப் பெற்ற ஆச்சி கடையத்தில். அத்தை மதுரையில். சித்தப்பா சென்னையில். ஒரு வீட்டுக்குப் போய் இன்னொரு வீட்டுக்குப் போகாமல் வந்தால் அந்தப் பேச்சு அடுத்த கல்யாண வீடு வரைக்கும் ஓடும். நான் இப்போது மூன்றாம் ஆண்டு. இந்தக் கணக்கைப் போட்டுப் போட்டுக் கை பழகிவிட்டது. இந்த வருடம் புதிதாக வடக்கே வந்து சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் டிக்கெட். 2024 நவம்பரிலிருந்து ரயிலில் 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு தொடங்குகிறது. அதற்கு முன்பு 120 நாள் இருந்தது. இது மாணவர்களுக்கு நல்லது என்றுதான் நினைக்கிறேன். ஆகஸ்டில் உட்கார்ந்துகொண்டு டிசம்பரில் எந்தப் பரீட்சை என்றைக்கு முடியும் என்று ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. அக்டோபர் கடைசியில் ஓரளவு தெரிந்துவிடும். ஓரளவுதான். செய்முறைத் தேர்வு இரண்டு நாள் தள்ளிப் போவதெல்லாம் சகஜம் என்பதால், நான் கடைசிப் பரீட்சைக்கு மறுநாளுக்கு டிக்கெட் போடுவதில்லை, ஒரு நாள் விட்டுப் போடுவேன். அந்த ஒரு நாளில் அறையைக் காலி செய்து பெட்டியைக் கட்டலாம், கரோல் பாகில் ஏதாவது வாங்கவும் நேரம் கிடைக்கும்.

திரும்பி வரும் டிக்கெட்டைத்தான் எல்லோரும் அசட்டையாக விடுகிறார்கள். ஊருக்குப் போகிற சந்தோஷத்தில் போகும் டிக்கெட்டை எடுத்துவிட்டு, வருவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பார்கள். தமிழ்நாட்டில் பள்ளிகளுக்கு அரையாண்டு விடுமுறை முடிவதும் நமக்குக் கல்லூரி திறப்பதும் ஏறக்குறைய ஒரே நேரம். பள்ளி திறப்பதற்கு முந்தைய இரவு தெற்கேயிருந்து சென்னை போகும் எந்த வண்டியிலும் நிற்க இடம் இருக்காது. ஆகவே தென்காசி - சென்னை டிக்கெட்டை முதலில் எடுங்கள். டெல்லி டிக்கெட்டைவிட அதுதான் சீக்கிரம் தீரும்.

பலருக்குத் தெரியாத இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, மாணவர் சலுகை. கொரோனா சமயத்தில் மூத்த குடிமக்கள் சலுகை உட்படப் பலவற்றை ரயில்வே நிறுத்திவிட்டாலும் மாணவர் சலுகை நிற்கவில்லை. சொந்த ஊருக்குப் போக ஸ்லீப்பரில் அடிப்படைக் கட்டணத்தில் பாதி. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு முக்கால்வாசி தள்ளுபடி. கல்லூரி அலுவலகத்தில் படிவம் வாங்கி, கையெழுத்தும் முத்திரையும் போட்டுக்கொண்டு, முன்பதிவு கவுண்டரில் நேரில் கொடுத்து எடுக்க வேண்டும். தட்கலுக்குச் செல்லாது. அலுவலகத்தில் அந்தப் படிவத்தைக் கேட்டால் சில சமயம் இரண்டு பேர் முகத்தை முகம் பார்ப்பார்கள். விடாமல் கேளுங்கள். நவம்பர் தொடங்குவதற்குள் கேளுங்கள், பிறகு எல்லோரும் பரீட்சை வேலையில் இறங்கிவிடுவார்கள்.

இன்னொன்று பெண்களுக்கு. நீண்ட தூர வண்டிகளில் ஸ்லீப்பரில் ஆறு படுக்கைகள் பெண்களுக்கென்று ஒதுக்கியிருக்கும். தனியாகப் போகும் பெண் எந்த வயதாக இருந்தாலும் கேட்கலாம். ஆன்லைனில் எடுக்கும்போது பொது ஒதுக்கீட்டில் காத்திருப்போர் பட்டியல் காட்டினாலும், ஒதுக்கீட்டை லேடீஸ் என்று மாற்றிப் பார்த்தால் இடம் இருப்பதுண்டு. நான் தனியாகப் போகிறேன் என்றதும் முதல் வருடம் அப்பா கூட வந்து கூட்டிப் போவதாகச் சொன்னார். டெல்லி வரை வந்து என்னை ஏற்றிக்கொண்டு திரும்புவதற்கு ஆகும் செலவைக் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் அடங்கினார். மேல் படுக்கை எடு, வண்டியில் ஏதாவது தொல்லை என்றால் 139க்குப் போன் பண்ணு என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறார். இரண்டும் சரியான யோசனைதான், நானும் எல்லோருக்கும் அதையே சொல்கிறேன்.

நேராகத் தெற்கே போகும் வண்டியும் உண்டு. நிஜாமுத்தீனிலிருந்து கன்னியாகுமரிக்குத் திருக்குறள் எக்ஸ்பிரஸ், வாரத்தில் இரண்டே நாள். அது நம் தேதிக்குப் பொருந்தினால் விருதுநகரில் இறங்கி ராஜபாளையம் வழியாக வரலாம். பொருந்துவது அபூர்வம். விமானத்தைப் பற்றிப் பேசப் போவதில்லை. டிசம்பர் கடைசி வாரத்துக் கட்டணத்தைப் பார்த்தால் ஹாஸ்டல் மெஸ் பில் நினைவுக்கு வரும். தவிர, பனியில் அதுவும்தான் தாமதமாகிறது.

பனி என்றதும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. நம் ஊர்ப் பக்கத்தில் மார்கழிப் பனி என்றால் வாசல் தெளிக்கும்போது தலையில் துண்டு கட்டிக்கொள்கிற பனி. டெல்லியிலிருந்து மதுரா, ஆக்ரா, குவாலியர் வரைக்கும் விழுவது வேறு சங்கதி. பிளாட்பாரத்தில் நிற்கிற நமக்கு எதிர்ப் பிளாட்பாரமே தெரியாது. ஓட்டுநருக்கு சிக்னல் எப்படித் தெரியும்? அடுத்த சிக்னல் எத்தனை தூரத்தில் வருகிறது என்று ஜி.பி.எஸ். வைத்து முன்கூட்டியே சொல்கிற ஒரு கருவியை இன்ஜினில் கொடுக்கிறார்கள். ஆனாலும் வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்ட வேண்டும். ஒரு வண்டி மெதுவாகப் போனால் பின்னால் வருகிற அத்தனையும் மெதுவாகும்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது நாம் ஏறப் போகும் வண்டியை மட்டும் அல்ல. பெரும்பாலும் ஊரிலிருந்து வந்த அதே பெட்டிகள்தான் சுத்தம் செய்து திரும்பப் போகும். அது வழியில் மாட்டிக்கொண்டிருந்தால் நம் வண்டி நேரத்துக்குக் கிளம்ப வழியே இல்லை. ஒரு வருடம் நான் போக வேண்டிய வண்டிக்கு எதிர்த்திசையில் வந்த வண்டி மதியம் வரைக்கும் ஆக்ராவைத் தாண்டவில்லை. ஆப்பில் நம் வண்டிக்கு நேராக "சரியான நேரம்" என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது. நான் அதை நம்பாமல் ஹாஸ்டலிலேயே படுத்துத் தூங்கினேன். கூட வரவேண்டிய கோயம்புத்தூர்ப் பையன் சொன்ன நேரத்துக்குப் போய்விட்டு, விடியற்காலை வரை பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தான். இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவான், ஏதோ நான்தான் பனியை வரவழைத்த மாதிரி.

மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, பயணமே வேண்டாம் என்று முடிவு செய்தால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். வண்டி கிளம்புவதற்கு முன்னால் டி.டி.ஆர்., அதாவது பணத்தைத் திருப்பிக் கேட்கும் விண்ணப்பம், பதிய வேண்டும், அதுதான் நிபந்தனை. ஆனால் டிசம்பரில் பணம் கிடைத்து என்ன பிரயோசனம், வேறு டிக்கெட் எங்கே இருக்கிறது? அதைவிட உபயோகமானது இரண்டு டிக்கெட்டையும் இணைத்து வைப்பது. டெல்லி - சென்னை, சென்னை - தென்காசி என்று தனித்தனியாக எடுத்த இரண்டு பி.என்.ஆர். எண்களையும் இணைக்கும் வசதி 2019 ஏப்ரலில் வந்தது. முதல் வண்டி தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது டிக்கெட்டின் பணம் ரத்துக் கட்டணம் பிடிக்காமல் திரும்பும். பெயர், வயது எல்லாம் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

இதையெல்லாம் மீறி, இடையில் ஒரு முழுப் பகலை விட்டுவைப்பதுதான் உண்மையான பாதுகாப்பு. காலையில் சென்னை, இரவில் பொதிகை என்று வைத்துக்கொண்டால் ஏழெட்டு மணி நேரத் தாமதத்தைக்கூடச் சமாளிக்கலாம். தாமதம் இல்லாவிட்டால் அந்தப் பகல் சித்தப்பா வீட்டுக்கு. நான் இதை எனக்குக் கிடைத்த லாபமாகவே பார்க்கிறேன். சித்திக்கும் திருப்தி, எனக்கும் குளிக்க ஓர் இடம். போனதும் சித்தி கேட்கிற முதல் கேள்வி "தலையில எண்ணெய் வெச்சு எத்தனை நாளாச்சு?" என்பதுதான். சென்ட்ரலுக்கும் பொதிகை கிளம்புகிற எழும்பூருக்கும் நடுவில் மெட்ரோவில் ஒரே நிறுத்தம். எழும்பூரில் மறுசீரமைப்பு வேலை நடக்கும்போது சில வண்டிகளைத் தாம்பரத்திலிருந்து விடுகிறார்கள், எங்கே ஏறுவது என்று டிக்கெட்டில் ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி ரயிலுக்குள். ஏசியில் போனால் கம்பளியும் விரிப்பும் தருவார்கள். ஸ்லீப்பரில் எதுவும் கிடையாது. முதல் இரவுதான் கொடுமை. ஷட்டர், கண்ணாடி இரண்டையும் இறக்கினாலும் ஓர் இடுக்கு வழியாகக் காற்று வந்து கழுத்தைத் தேடிப் பிடிக்கும். சைடு லோயருக்கு அது இரட்டிப்பு. முழுப் படுக்கை கிடைக்காமல் ஆர்.ஏ.சி. வந்தால் அந்த சைடு லோயரை முன்பின் தெரியாத ஒருவரோடு பங்கு போட்டு உட்கார்ந்தே விடிய வேண்டும். தடித்த கம்பளி ஒன்றைச் சுமப்பதைவிட ஒரு சால்வை, இரண்டு ஸ்வெட்டர், காதை மூடுகிற குல்லா, சாக்ஸ் போதும். ஏனென்றால் இதெல்லாம் ஒரே ராத்திரிக்குத்தான்.

போபால் தாண்டி வெயில் வந்ததும் குல்லா கழலும். நாக்பூர் வரும்போது மேல் ஸ்வெட்டர். அங்கே ஜன்னலுக்கு வெளியே வலைப் பையில் ஆரஞ்சு விற்பார்கள். தோல் தளர்ந்து, உரிக்கும்போதே விரலெல்லாம் எண்ணெய் மணக்கிற பழம். எதிர் சீட்டு மாமி ஒருத்தர் தோலைத் தூக்கிப் போடவிடாமல் வாங்கி ஒரு கவரில் கட்டிக்கொண்டார், பச்சடிக்காம். பல்லார்ஷா கழிந்ததும் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறும். வாரங்கல் வருவதற்குள் யாராவது எழுந்து ஃபேன் ஸ்விட்சைத் தட்டுவார்கள். அது ஓடாது, சீப்பை உள்ளே விட்டு றெக்கையைத் தள்ளிவிட வேண்டும். முந்தின ராத்திரி மூன்று அடுக்கு உடுப்பில் சுருண்டு கிடந்த அதே ஆட்கள்தான் விஜயவாடாவில் பனியனோடு நின்று தயிர்சாதம் தேடுவார்கள். இந்த மாற்றத்துக்காகவே ஸ்லீப்பரில் போகலாம் என்று சொல்வேன், முதல் இரவின் குளிரையும் சேர்த்தே சொல்கிறேன். கழற்றுகிற உடுப்பைப் போட ஒரு காலிப் பையை மேலாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டியைச் சீட்டுக்கு அடியிலிருந்து இழுத்துத் திறக்க எதிர் சீட்டுக்காரர் தயவு வேண்டும்.

வடக்கேயிருந்து என்ன வாங்கிப் போவது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பால் இனிப்பு வேண்டாம், இரண்டரை நாளில் புளித்துவிடும். குளிர்காலத்தில் மட்டும் நன்றாகக் கிடைக்கிற கஜக் வாங்குங்கள். எள்ளும் வெல்லமும் போட்டு இடித்து மடித்து மடித்துச் செய்வது. எங்கள் ஆச்சிக்குப் பல் இல்லை. ஆனாலும் வாயில் போட்டதும் பொரபொரவென்று உதிர்வதால் அவளுக்குப் பிடித்துவிட்டது. "எள்ளுருண்டைய தட்டையாக்கி இவ்வளவு தூரம் சுமந்துட்டு வந்தியாட்டி?" என்று கேட்டுக்கொண்டே டப்பாவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள்.

தெற்கே நமக்கு இரண்டு தடைகள் உண்டு. ஐயப்ப சீசனும் மழையும். கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகரவிளக்கு வரை செங்கோட்டை வழியாகச் சபரிமலைக்குப் போகிறவர்கள் கூட்டம். தென்காசி, குற்றாலம் எல்லாம் கறுப்பும் காவியுமாக இருக்கும். பொதிகையில் கடைசி நேரத்தில் இடம் தேடுவது வீண். மழையைப் பொறுத்தவரை, டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை முடிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. நான் கல்லூரியில் சேர்ந்த 2023இல், டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்துக்கு நடுவே நின்றுவிட்டது. அப்போது தெரிந்துகொண்டது, விருதுநகரிலிருந்து தென்காசிக்கு வரும் பாதையும் திருநெல்வேலிக்குப் போகும் பாதையும் வேறு வேறு. ஒன்று அடைபட்டாலும் மற்றதில் வரலாம். மதுரை வரைக்கும் வந்துவிட்டால் பஸ் இருக்கவே இருக்கிறது.

இப்போது சிக்கலான பகுதி. யார் வீட்டுக்கு எத்தனை நாள்?

முதல் வருடத்தில் நான் பார்த்தது இதுதான். எல்லோரும் வரச் சொல்வார்கள். ஆனால் எல்லோரையும் விட ஆச்சிதான் கடைசியில் தள்ளப்படுவாள், அவள் எதுவும் கேட்கமாட்டாள் என்பதால். ஊரில் இறங்கியதும் இரண்டு நாள் தூக்கம், அப்புறம் பள்ளிக்கூடச் சிநேகிதிகள், அப்புறம் குற்றாலம், ஒரு நாள் பார்டர் பரோட்டா, நடுவில் ஒரு கல்யாணம். கிளம்புவதற்கு முந்தின நாள் அரைமணி நேரம் கடையம் போய் ஆச்சி காலில் விழுந்துவிட்டு வருவது. எங்கள் தெருவில் வெளியூரில் படிக்கிற எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் செய்கிறார்கள்.

அதனால் இப்போது வரிசையை மாற்றிவிட்டேன். தென்காசியில் இறங்கிய மறுநாளே கடையம். தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் பாதையில் பக்கம்தான், ரயிலும் இருக்கிறது, பஸ்ஸும் இருக்கிறது. பாரதியாரின் மனைவி செல்லம்மாள் ஊர். பாரதியே அங்கே வந்து இரண்டு வருடம் போல இருந்திருக்கிறார். அங்கே தொடர்ந்து மூன்று இரவு தங்குவேன். மூன்று இரவு என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. முதல் நாள் ஆச்சி என்னை விருந்தாளியாக நடத்துவாள். சொதி வைப்பாள், உளுந்தங்களி கிண்டுவாள், "என்னட்டி இப்படி வத்திப் போயிட்ட" என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் காட்டுவாள். இரண்டாம் நாள்தான் வேலை சொல்ல ஆரம்பிப்பாள். கோலத்துக்கு முன்னால் வாசலைத் தெளி, மேலே ஏறி அந்தப் பரணில் இருக்கிற அண்டாவை எடு, கண் மருந்து விடு. மூன்றாம் நாள் கூட்டாஞ்சோறுக்குக் காய் நறுக்கிக்கொண்டே, அம்மாவிடம்கூடச் சொல்லாததைச் சொல்வாள். முழங்கால் வலிக்கு மாத்திரை தீர்ந்து எத்தனையோ நாளாகிறது, கேட்டால் மாமாவுக்குச் செலவு என்று சும்மா இருக்கிறாள். இது அரைமணி நேர விசிட்டில் தெரியவராது. போனில் கேட்டாலும் "நல்லா இருக்கேன் தாயி" என்பதோடு முடிந்துவிடும்.

போனால் அந்த வீட்டில் ஒரு வேலையாவது முடித்துக் கொடுத்துவிட்டு வாருங்கள். பென்ஷன் புத்தகம், மருந்துச் சீட்டு, கேஸ் புக்கிங், போனில் எழுத்தைப் பெரிதாக்குவது, இப்படி ஏதாவது. டெல்லியில் என்ன படிக்கிறேன் என்று ஆச்சிக்கு விளங்காது. போனில் எழுத்தைப் பெரிதாக்கியதும் பேத்தி படித்தவள் என்று ஒத்துக்கொண்டாள்.

மதுரை அத்தையைத் திரும்பும்போது வைத்துக்கொள்வேன். தென்காசியிலிருந்து பகலில் மதுரை வந்து, அத்தை வீட்டில் சாப்பிட்டு, இரவு வண்டியில் சென்னை. ஒரு இரவு தங்கச் சொல்லி அத்தை விடமாட்டாள். அதற்கு ஒரே வழி, டிசம்பர் தொடங்கும்போதே தேதி சொல்லிவிடுவது. "அத்தை, இந்தத் தேதி மத்தியானம் வாரேன், ராத்திரி கிளம்பிருவேன், உங்க கையால மீன்குழம்பு வேணும்." இப்படிச் சொன்னால் முறைத்துக்கொண்டாலும் மீன்குழம்பு இருக்கும். தேதியே சொல்லாமல் "பார்க்கலாம் அத்தை" என்று இழுத்துவிட்டுப் போகாமல் இருந்தால்தான் வருத்தம். ரயில்வே டிக்கெட்டுக்குப் பணத்தைத் திருப்பித் தருகிறது. அத்தைகளிடம் டி.டி.ஆர். கிடையாது.

எப்படிப் பிரித்தாலும் பொங்கலுக்கு இருக்க முடியாது. கல்லூரி ஜனவரி முதல் வாரத்தில் திறந்துவிடுகிறது. "பத்து நாள் பொறுத்துப் போனா என்ன, காலேஜ் ஓடிப் போயிருமா?" என்று அம்மா வருடா வருடம் கேட்பாள். வருகைப் பதிவு என்று ஒன்று இருப்பதை விளக்கி முடியாது. அதனால் நாங்கள் திருவாதிரையைப் பிடித்துக்கொண்டோம். மார்கழித் திருவாதிரை சில வருடம் லீவுக்குள் விழும். குற்றாலம் சித்திரசபையில் தரிசனம், வீட்டில் களியும் ஏழு காய்க் குழம்பும். பொங்கலுக்கு எடுக்கிற துணியை அன்றைக்கே கொடுத்துவிடுவாள்.

திரும்பும்போது சுமை இரட்டிப்பாகிவிடும். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, முறுக்கு, கருப்பட்டி எல்லாம் சரி. ஊறுகாயும் எண்ணெயும் மட்டும் பாட்டிலில் வேண்டாம், பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, தனி கவரில் கட்டுங்கள். முதல் இரவுக்கு இட்லியில் பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழை இலையில் கட்டினால் கெடாது. மறுநாளைக்குப் புளியோதரை. ஸ்வெட்டரை இந்தத் தடவை பெட்டிக்கு அடியில் வைத்துவிடாதீர்கள், குளிர் இப்போது கடைசி இரவில் வரும். அப்புறம், டெல்லிக்கு எந்த நேரத்தில் போய்ச் சேர்வோம் என்று பனிதான் தீர்மானிக்கும். காலையில் சேர வேண்டிய வண்டி மாலையில் சேரலாம். மெஸ் என்றைக்குத் திறக்கிறது என்று வார்டனிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். பல இடங்களில் வகுப்பு தொடங்கும் நாளில்தான் அடுப்பு மூட்டுவார்கள். அன்றைக்கு ராத்திரிக்கு ஒரு பாக்கெட் அவலும் அம்மா கொடுத்த பொடியும் போதும், வெந்நீர் மட்டும் கிடைத்தால்.